கேங்ஸ்டர் படத்தின் முதல் காட்சி: சேலத்துக் குறும்படக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே குறும்படம் ஆரம்பிக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அதில் பாதிக்கு மேல் ரவுடிக் கதை. கதை மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம்.

ரவுடி வந்தாலே அது கேங்ஸ்டர் படம்தானே?

இல்லை. ரவுடி எல்லாப் படத்திலும் வருவான், அடி வாங்குவான், போய்விடுவான். குற்றத்தை ஒரு தொழிலாக, வரவு செலவு, முதலாளி, வேலையாள், வாரிசுச் சண்டை எல்லாவற்றோடும், அந்தத் தொழிலுக்கு உள்ளே நின்று காட்டினால்தான் கேங்ஸ்டர் படம். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1960-களில் ஜெய்சங்கரை வைத்துக் குற்றப் படங்கள் எடுத்தது. அவற்றிலும் கும்பல் உண்டு. ஆனால் நாம் துப்பறிகிறவர் பக்கம் நின்று கும்பலைப் பார்க்கிறோம். கேங்ஸ்டர் படத்தில் கும்பல் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு போலீஸ் ஜீப் சத்தத்தைக் கேட்கிறோம். கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதை முதல் காட்சியிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

முதல் காட்சி என்னதான் செய்யணும்? சிம்பிளா சொல்லுங்க.

இவன் எப்படிப்பட்டவன், இது என்ன மாதிரிப் படம். இந்த இரண்டையும் ஒரே செயலில் சொல்ல வேண்டும். 1931-ல் வந்த ‘லிட்டில் சீசர்’ இதற்கு நல்ல பாடம். இருட்டில், தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் கொள்ளை. அடுத்து, கொள்ளையடித்தவன் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வந்து, சுவர்க் கடிகார முள்ளைப் பின்னால் தள்ளி வைக்கிறான். கொள்ளை நடந்த நேரத்தில் இங்கேதான் இருந்தேன் என்று சாட்சி சொல்ல அந்தக் கடிகாரம்.

பங்க் கொள்ளையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடிகார முள்ளைத் தொடுகிறவன்தான் இந்தப் படத்தின் நாயகன். பதற்றமில்லாதவன், முன்கூட்டி யோசிக்கிறவன், நேரத்தையே தன் இஷ்டத்துக்குத் திருப்பலாம் என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கைதான் கடைசியில் அவனைக் கவிழ்க்கும் என்பதும் அங்கேயே இருக்கிறது. உங்கள் ஆளுக்கான ‘கடிகார முள்’ எது என்று கண்டுபிடித்த பிறகு ஸ்கிரிப்ட் எழுத உட்காருங்கள்.

பெரிய கை என்று எப்படிக் காட்டுவது? நடிகர் முறைச்சா போதுமா?

முறைக்கவே வேண்டாம். பயத்தை நடிக்க வேண்டியது சுற்றி இருப்பவர்கள். ‘தி காட்ஃபாதர்’ (1972) இருட்டில், உதவி கேட்டு வந்தவர் முகத்தில் தொடங்குகிறது. அவர் பேசப் பேசக் கேமரா இரண்டு நிமிடத்துக்கும் மேலாக மெல்லப் பின்வாங்குகிறது. பெரியவரின் முதுகும் கையும்தான் முதலில் ஃபிரேமுக்குள் வருகின்றன. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. வெளியே மகள் கல்யாணம், உள்ளே பஞ்சாயத்து. குடும்பமும் குற்றமும் ஒரே வீட்டில் என்பதும் அதோடு முடிந்தது.

நம் ஊர் அளவில் ஒன்று செய்து பார்ப்போம். லீ பஜார், விடியற்காலை, லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது. டீக்கடை பெஞ்சில் மூன்று லோடுமேன்கள். ஃபிரேமுக்கு வெளியே ஒரு டிவிஎஸ் 50 வந்து நிற்கும் சத்தம். மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டு, புது டிக்காஷன் இறக்குகிறார். கிளாஸை இரண்டு தடவை கழுவுகிறார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்திருக்கிறார்கள், ஆனால் கிளம்பவில்லை. நம் ஆள் பெஞ்சின் ஓரத்தில், மூன்று பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்து, “உட்காருங்க” என்கிறார். யாரும் உட்காரவில்லை. குடித்து முடித்துச் சரியான சில்லறையைப் பலகை மேல் வைக்கிறார். மாஸ்டர் எடுக்கவில்லை. நம் ஆள் ஒரு விரலால் காசை அவர் பக்கம் தள்ளி, “எடுத்துக்கங்க” என்கிறார். மாஸ்டர் எடுக்கிறார். கட். டீக்குக் காசு கொடுக்காமல் போயிருந்தால் அவன் மாமூல் ரவுடி, ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. காசு கொடுப்பதால்தான் இவன் வாங்குவது வேறு எதையோ என்ற கேள்வி எழுகிறது.

இதில் சொதப்பும் இடம் துணை நடிகர்கள். “பயப்படு” என்று சொன்னால் நடுங்கிக் காட்டுவார்கள். “அவர் குடிச்சு முடிக்கிற வரைக்கும் கிளாஸைப் பார்க்காதீங்க” என்று ஒரு வேலையைக் கொடுங்கள். மூன்று பேரும் ஒன்றாக எழுந்தால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வந்த மாதிரி இருக்கும். வயதானவர் முதலில், அடுத்தவர் அரை நொடி கழித்து, கடைசி ஆள் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு. கடையில் டியூப்லைட் எரிந்தால் நொடிக்கு 24 ஃபிரேமில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோடு ஒத்துப்போகாத வேகம் வைத்தால் பட்டை பட்டையாக ஓடும்.

எத்தனை நிமிஷம் இருக்கலாம்?

20 நிமிடப் படத்துக்கு அதிகபட்சம் 2 நிமிடம். ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மேலே சொன்ன டீக்கடை மாதிரி வசனம் குறைந்த காட்சி, அரைப் பக்கம் எழுதினாலே ஒன்றரை நிமிடம் ஓடும். எழுதியதை ஸ்டாப்வாட்ச் வைத்து நடித்துப் பாருங்கள்.

ஃபர்ஸ்ட் சீன்லயே ஒரு மர்டர் வெச்சா கெத்தா இருக்குமே?

வைக்கலாம். ஆனால் கொலையைக் காட்டுவதற்காக வைக்காதீர்கள், கொலை செய்கிறவர்களுக்குள் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வையுங்கள். ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) ராத்திரியில் ஓடும் காரில் தொடங்குகிறது. டிக்கியிலிருந்து தட்டும் சத்தம். திறந்தால் ரத்த விளாறாய் ஒருவன். ஒருத்தன் சமையல் கத்தியை எடுத்து ஆத்திரத்தோடு குத்துகிறான், இன்னொருத்தன் நிதானமாகச் சுடுகிறான், மூன்றாமவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு டிக்கி, மூன்று குணம். நம்மோடு பேசப்போவது அந்த மூன்றாமவன்.

‘வட சென்னை’ (2018) இன்னும் சிக்கனம். கொலை முடிந்தபின்தான் படம் ஆரம்பிக்கிறது. பிணம் கிடக்க, செய்தவர்கள் உட்கார்ந்து அடுத்து என்ன என்று பேசுகிறார்கள். செத்தது யார் என்பது நமக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. சின்ன பட்ஜெட்டுக்கு இந்த வழிதான் நல்லது. சண்டைப் பயிற்சி வேண்டாம், நாலு நல்ல நடிகர்கள் போதும்.

கிளைமாக்ஸ்ல இருந்து ஆரம்பிச்சு “ஆறு மாதங்களுக்கு முன்பு”ன்னு போடலாமா?

கார்டு போடுவது சுலபம், திரும்பி வருவதுதான் கஷ்டம். ‘சுப்ரமணியபுரம்’ (2008) சிறையிலிருந்து வெளியே வருகிற ஒருவன் வாசலிலேயே குத்துப்படுவதில் தொடங்கி 1980-க்குப் போகிறது. இவன் யார், இத்தனை வருடம் கழித்தும் யாருக்கு ஆறாத கோபம் என்ற கேள்வியைப் படம் முழுக்கச் சுமக்கிறோம். ‘குட்ஃபெல்லாஸ்’ டிக்கிக் காட்சியும் நடுவில் மறுபடி வரும். அப்போது அந்த ஆள் யாரென்று நமக்குத் தெரியும் என்பதால் அதே காட்சி வேறு கனத்தோடு விழும்.

சோதனை இதுதான்: திரும்பி வரும்போது அதே காட்சிக்கு வேறு அர்த்தம் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் பார்வையாளரின் இரண்டு நிமிடத்தைத் திருடியிருக்கிறீர்கள். 15, 20 நிமிடப் படத்தில் இது பெரும்பாலும் வீண்.

சின்ன வயசு ஃபிளாஷ்பேக்ல ஆரம்பிக்கலாமா?

அந்தக் குழந்தை ஒரு முடிவு எடுத்தால் மட்டும். ‘நாயகன்’ (1987) படத்தில் தூத்துக்குடிச் சிறுவன் அப்பாவைப் போலீஸிடம் பறிகொடுக்கிறான், போலீஸ்காரரைக் குத்துகிறான், பம்பாய்க்கு ஓடுகிறான். பிற்பாடு அவன் செய்யும் எல்லாமே அந்தக் கத்தியின் நீட்சி. அடி வாங்கி அழும் பையனை மட்டும் காட்டினால் பரிதாபம் வரும், குணம் வராது.

ஹீரோ தாதான்னு கடைசி வரைக்கும் மறைக்கணும். அப்போ முதல் காட்சியில என்ன காட்டுறது?

மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது. ‘பாட்ஷா’ (1995) நாயகனை ஆட்டோக்காரர் மாணிக்கமாகவே அறிமுகப்படுத்துகிறது. அது வேஷமில்லை, அவர் விரும்பித் தேர்ந்த வாழ்க்கை. அதனால்தான் பிறகு பழசு வெளிவரும்போது ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுவதில்லை.

உங்கள் ஆள் நாலு ரோட்டில் தட்டுவடை செட் கடை வைத்திருக்கிறான் என்றால், அவனை உண்மையாகவே நல்ல கடைக்காரனாகக் காட்டுங்கள். கேரட், பீட்ரூட் துருவலைச் சட்னியோடு இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைத்து அழுத்தும் கை பழகிய கையாக இருக்கட்டும். கூடவே ஒரே ஒரு பொருந்தாத பழக்கம்: கடையை எப்போதும் சுவரை ஒட்டிப் போட்டு, முதுகைத் தெருவுக்குக் காட்டாமல் நிற்கிறான். முதல் தடவை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாவது தடவை பார்க்கிறவர்களுக்கு அது பரிசு.

ஸ்லோமோஷன்ல நடந்து வர்ற ஷாட் இல்லாம மாஸ் வருமா?

டீக்கடைக் காட்சியில் யாரும் நடக்கவே இல்லையே.

சேலத்து ரவுடி எப்படிப் பேசுவான்? “இன்னா நைனா”ன்னு எழுதினா ஒட்ட மாட்டேங்குது.

ஒட்டாது. அது வடசென்னையின் சொத்து. மதுரை அருவாள் வசனத்தை இறக்குமதி செய்தாலும் இதே கதிதான். நம் பக்கம் மிரட்டலிலும் ‘ங்க’ போகாது. “நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கறனுங்க” என்று வட்டிக்காரர் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போவதில் இருக்கும் குளிர், “தூக்கிருவேன்டா”வில் இல்லை. மரியாதை எப்போது ‘டா’வுக்கு இறங்குகிறது என்பதைப் படத்தின் முக்கியமான இடத்துக்குச் சேமித்து வையுங்கள். முதல் காட்சியிலேயே செலவழித்துவிட்டால் பிறகு கத்துவதைத் தவிர வழியிருக்காது.

வாய்ஸ் ஓவர் வெச்சா சீக்கிரம் புரிஞ்சிடுமே?

கண்ணுக்குத் தெரிவதையே குரலும் சொன்னால் அது ரேடியோ நாடகம். ‘புதுப்பேட்டை’ (2006) தனிச் சிறையில் அடைபட்ட குமார் தன் கதையைச் சொல்வதாகத் தொடங்குகிறது. அங்கே யாரிடம், எந்த நிலையில் சொல்கிறான் என்பதே குணச்சித்திரம். ஒலியை முழுக்க அணைத்துவிட்டு முதல் காட்சியைப் போட்டுப் பாருங்கள். குரல் இல்லாமலே பாதிக்கு மேல் புரிந்தால் குரலை வைத்துக்கொள்ளலாம். எதுவுமே புரியவில்லை என்றால், குரல் ஓட்டையை அடைக்க வந்திருக்கிறது.

பின்னணி இசை எந்த இடத்துல ஆரம்பிக்கணும்?

முடிந்தவரை தாமதமாக. 1932-ன் ‘ஸ்கார்ஃபேஸ்’ முதல் காட்சியில் வரப்போகும் கொலைகாரனின் நிழலும் விசிலும் மட்டும்தான் முன்னால் வருகின்றன. அந்த விசிலே அவன் விசிட்டிங் கார்டு. உங்கள் ஆளுக்கும் அப்படி ஒரு சத்தம் கொடுங்கள்: டிவிஎஸ் 50, சாவிக்கொத்து, செருப்புத் தேய்ப்பு. படத்தில் மூன்றாவது தடவை அந்தச் சத்தம் மட்டும் கேட்டாலே போதும், ஆளைக் காட்ட வேண்டியதில்லை. ஷூட்டிங் முடிந்ததும் அதே இடத்தில் எல்லோரையும் அமைதியாக நிற்க வைத்து ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் எடிட்டில் ஒவ்வொரு கட்டிலும் சத்தம் குதிக்கும்.

ஏற்காட்டுல பனிமூட்டத்துல ஓப்பனிங் வைக்கணும்னு ஆசை. முடியுமா?

முடியும், ஆனால் மலை உங்கள் ஷெட்யூலைக் கேட்காது. மூட்டம் பத்து நிமிடத்தில் வந்து பத்து நிமிடத்தில் போய்விடும். அதனால் அகல ஷாட்களை மூட்டம் இருக்கும்போதே முதலில் எடுத்துவிடுங்கள். குளோசப்பைப் பிறகு எடுத்து, பின்னால் சாம்பிராணிப் புகை போட்டுச் சமாளிக்கலாம். அகல ஷாட்டுக்குச் சாம்பிராணி பத்தாது. ஈரக் காற்றில் கேமராவை ஏசி காரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். காப்பித் தோட்டம் தனியார் சொத்து, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி.

மூட்டம் அழகு என்பதற்காக மட்டும் போகாதீர்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஊரையே ஆட்டிவைக்கும் தாதா, பதினோராவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுக்கிறான், டிரைவர் கண்ணாடியில் பார்க்காதது மாதிரி நடிக்கிறான். இப்போது மலை கதைக்குள் வந்துவிட்டது.

ரத்தம் எதுல செய்யறது?

ஒரு கப் கெட்டியான சர்க்கரைப் பாகு, ஒரு டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், அரை டீஸ்பூன் கோகோ பவுடர். கோகோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரித் தெரியும். முதலில் கோகோவைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் கட்டி தட்டாது. சாயம் துணியை விட்டுப் போகாது, ஆகவே ஒரே மாதிரிச் சட்டை குறைந்தது மூன்று வேண்டும். தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள், அடுத்த டேக்குக்குள் எறும்பு வந்துவிடும்.

அருவாளோட ரோட்டுல எடுக்கலாமா? போலீஸ் பிடிக்குமா?

நிஜ அருவாள் வேண்டவே வேண்டாம். மரத்தில் அறுத்து வெள்ளி பெயின்ட் அடித்ததோ, ஃபைபரோ போதும். பொம்மைத் துப்பாக்கியானாலும் சரி, அந்த ஸ்டேஷனில் தேதி, நேரம், இடம், ஆட்கள் எண்ணிக்கை எழுதி முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, நகலைக் கையில் வையுங்கள். ஷாட் இல்லாதபோது ஆயுதம் பைக்குள் இருக்க வேண்டும், அதற்கென்று ஒரு ஆள் பொறுப்பு. ஜங்ஷனில் எடுக்க ரயில்வேயிடம் தனி அனுமதி.

வண்டிக்குப் போலி நம்பர் பிளேட் மாட்டிப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். குழுவினரின் சொந்த வண்டியையே பயன்படுத்துங்கள், அல்லது பிளேட் தெரியாத கோணத்தில் வையுங்கள். நிஜக் கடைப் பலகை, நிஜத் தெருப்பெயர், சாதியைக் காட்டும் அடையாளம் எதுவும் ரவுடியோடு ஒரே ஃபிரேமில் வர வேண்டாம். ஒரு ஏரியா முழுவதையும் ரவுடி ஏரியா என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை, அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சிகரெட் இல்லாம தாதாவா?

தியேட்டரில் திரையிடும் படத்தில் புகையிலை வந்தால் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் எச்சரிக்கைப் படம், காட்சி ஓடும்போது கீழே எச்சரிக்கை வாசகம் கட்டாயம். 2023 முதல் ஓடிடிக்கும் இந்த விதி வந்துவிட்டது. உங்கள் அழகான முதல் ஃபிரேமின் அடியில் அந்த வாசகம் நிற்கும். கைக்கு வேலை வேண்டும் என்றால் வறுத்த வேர்க்கடலை கொடுங்கள். ஒவ்வொன்றாகத் தோல் ஊதிச் சாப்பிடுகிறவன் சிகரெட் பிடிக்கிறவனைவிடப் பயமுறுத்துவான்.

தாதா ஒரு பெண் என்றால் ஓப்பனிங் மாறுமா?

விதி மாறாது, சுற்றி இருப்பவர்கள்தான் காட்ட வேண்டும். மாறுவது இடம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறை. வேலைக்குக் கொடுத்த வெள்ளி கொலுசாகித் திரும்பி வருகிறது. அந்த அம்மா எடை போடுகிறார். சேதாரம் கழித்தும் மூன்று கிராம் குறைகிறது. ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் எழுதி மூடுகிறார். கொலுசு கொண்டுவந்தவள் பேசாமல் நிற்கிறாள். வாசலில் நின்ற அவள் கணவன் உள்ளே வந்து பைக் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்து போகிறான். அந்த அம்மா சாவியைப் பார்க்கக்கூட இல்லை, அடுத்த கொலுசை எடுக்கிறார். பெண் என்பதால் சிவப்புப் புடவை, பெரிய பொட்டு, காளி படம் என்று போகாதீர்கள். எல்லோரும் போய்விட்ட வழி அது.

முதல் காட்சி வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கதை தெரியாத ஐந்து பேருக்கு அந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டி மூன்று கேளுங்கள்: இவன் யாருன்னு தோணுது, இவன்கிட்ட கடன் வாங்குவீங்களா, அடுத்து என்ன நடக்கும். முதல் கேள்விக்கு “ரவுடி” என்று மட்டும் பதில் வந்தால் குணம் பதியவில்லை. இரண்டாவதற்கு யோசித்துப் பதில் சொன்னால் பதிந்துவிட்டது. மூன்றாவதற்கு ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னால் காட்சி பழசு. அதன் பிறகு முதல் 20 நொடியை வெட்டிவிட்டு வேறு ஆட்களுக்குக் காட்டுங்கள். பெரும்பாலும் வானம், கோபுரம், டிரோன் ஷாட் எல்லாம் அந்த 20 நொடியில்தான் இருக்கும், யாரும் தேட மாட்டார்கள்.

ஓப்பனிங் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அதுக்கப்புறம் படம் இறங்குதாம். ஏன்?

முதல் காட்சியில் கொடுத்த வாக்கைப் படம் மறந்திருக்கும். காசு கொடுத்து டீ குடிக்கிறவனாக அறிமுகமானவன் பத்தாவது நிமிடத்தில் எல்லா ரவுடியையும்போல மாமூல் வாங்கினால், பார்வையாளருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, போனை எடுத்துப் பார்ப்பார். ‘லிட்டில் சீசர்’ கடிகாரத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்தத் திமிர் படம் முழுக்க வளர்ந்து அவனையே விழுங்குகிறது.

மேஜையில் இரண்டு காகிதம் வையுங்கள். ஒன்றில் முதல் காட்சியில் உங்கள் ஆள் செய்த ஒரே ஒரு செயல், இன்னொன்றில் கடைசிக் காட்சியில் செய்வது. டீக்கடையில் காசு கொடுத்த அந்த ஆளின் கதை என்றால், கடைசிக் காட்சியில் அதே பெஞ்சு. இப்போது யாரும் எழுந்திருக்கவில்லை. அவனே நின்றுகொண்டு குடிக்கிறான். பையைத் துழாவுகிறான், சில்லறை இல்லை. “பரவால்லைங்க, அப்புறம் குடுங்க” என்கிறார் மாஸ்டர். இரண்டு காகிதத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு கிடைக்கும் வரை நடுவில் உள்ள 16 நிமிடத்தை எடிட் செய்துகொண்டிருப்பதில் பயனில்லை.